சிறந்த ஒப்பனை

மார்ச் 3, திங்கள்

இன்றும் டோபிக் கடையின் பின்னறையில் துணி மடித்தேன். மாலையில் பெரியம்மா மகன் ரயன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். குறும்படப் போட்டிக்குப் படம் எடுக்கிறாராம். ஒரு டாக்டர் பிணங்களைத் தைத்து உயிர் கொடுத்த அந்தப் பழைய கதைதான். ஆனால் பட்டர்வொர்த்தில் இப்போது நடக்கிறது. அப்படி உயிர் பெற்ற அந்தப் பிறவியாக நான் நடிக்க வேண்டும்.

"பயமுறுத்த வேணாம் லா. இப்ப வர்ற படத்துல எல்லாம் அது பாவம். நீ பாவமா நின்னா போதும்."

எட்டு வயதில் கொதிக்கும் எண்ணெய் பட்ட என் வலது கன்னத்தை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அதனால்தான் சரி என்றேனோ?

மார்ச் 5

அண்ணன் சொன்ன படங்களைப் போனில் பார்க்கிறேன். பழையவற்றில் அந்தப் பிறவி செத்ததும் ஊரே கொண்டாடுகிறது. புதியவற்றில் அழுகிறார்கள். இரண்டிலும் அது சாகிறது.

மார்ச் 9

இன்று ரத்தக்காட்டேரிப் படங்கள். ரத்தம் குடிப்பவன் முன்பு நகம் நீண்ட கிழவன். இப்போது தலைமுடி கலைந்த காதலன். பெண்கள் தாங்களாகவே கழுத்தைக் காட்டுகிறார்கள். அழகாக இருந்தால் ரத்தம் குடித்தாலும் மன்னிப்பு உண்டு. நான் யாரையும் கடித்ததில்லை. ஆனாலும் படிவம் மூன்றில் வகுப்பே என்னை ஹந்து என்றது — தமிழ்ப் பிள்ளைகள்கூடப் பேய் என்று சொல்லாமல் மலாயில்தான் சொன்னார்கள். அதோடு பள்ளியை விட்டேன்.

மார்ச் 22, சனி

பட்டர்வொர்த்துக்குப் பக்கத்து ஊரான பிறையில், ஒரு பழைய கிடங்கில் படப்பிடிப்பு. அண்ணனின் தங்கை மோனிக்கா அக்காதான் மேக்கப். எல்லாருக்கும் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"உனக்கு ஒண்ணும் வேணாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

எனக்கு ஒரே வசனம்: ‘என் முகத்தைப் பார்த்துப் பேசு.’ முதல் தடவையே சரியாக வந்தது. யாரோ கைதட்டினார்கள்! ஃபெரியில் தீவுக்கு வீடு திரும்பும்போது கடலைப் பார்த்துக்கொண்டு அந்த வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

மே 14

படத்துக்குப் பரிசு. சிறந்த ஒப்பனைக்கு.

அண்ணன் போன் செய்தார். "சனிக்கிழமை பரிசளிப்புக்கு நீ வராத, என்ன? ஜட்ஜ் உன்னைப் பார்த்துட்டா தெரிஞ்சிடும்."

சரி என்றேன். எப்படிச் சரி என்றேன்?

மே 17, சனி

போனேன். மாஸ்க் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் மோனிக்கா அக்கா, பசை தடவினாளாம், சுருக்கம் வரும்வரை காயவைத்தாளாம், மூன்று மணி நேரம் ஆனதாம். என் கன்னத்தை, தான் செய்ததாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க உட்கார முடியவில்லை. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு மேடைக்கு நடந்தேன்.

நடுவர் அம்மா என்னைக் கண்டதும் மைக்கிலேயே கேட்டார்: "என்னம்மா, இன்னும் கழுவலையா?"

மண்டபமே சிரித்தது. அக்காவும் சிரித்து, கைப்பையிலிருந்து ஈர டிஷ்யூ ஒன்றை எடுத்து நீட்டினாள். "இந்தா, தொடச்சிக்கோ." கண்ணால் கெஞ்சினாள் — வாங்கிக்கொண்டு இறங்கிவிடு என்று.

வாங்கினேன். அங்கேயே நின்று துடைத்தேன். அழுத்தித் துடைத்தேன். சிரிப்பு அடங்கியது. டிஷ்யூ கிழிந்தது.

"இன்னொண்ணு குடுங்கக்கா" என்றேன்.

முன்வரிசையில் யாரோ ‘பாவம்’ என்றார்கள். அண்ணன் கேட்டது இதைத்தானே?

மே 19

பரிசைத் திரும்பக் கேட்டுவிட்டார்களாம். பெரியம்மா வந்து அம்மாவிடம் கத்தினார். என்னிடம், "ஒரு நாளைக்கு வீட்டுல இருந்திருந்தா உனக்கு என்ன கொறஞ்சிருக்கும்?" என்றார். அம்மா என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். கேட்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அண்ணன் அதே கதையை மறுபடி எடுக்கிறார். வேறு பெண். அழகான பெண். மோனிக்கா அக்கா அவளைப் படம்பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறாள். இந்த முறை நிஜமாகவே மேக்கப். என் வலது கன்னம், கண்ணைக் கீழே இழுக்கும் சுருக்கம், காதோரம் முடியில்லாத அந்த இடம் — ஒன்றையும் விடவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் செய்திருக்கிறாள்.

சாயங்காலம் அந்தப் பெண் முகம் கழுவிக்கொள்வாள்.