கதிரையே கிணறாக

இன்று காலை பல்லரோச் சந்தையில் இரண்டு மீன் வியாபாரிகள் நிலத்தில் சுண்ணக்கட்டியால் கோடு கீறிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாண் இடம்தான். ஒருவர் கோட்டைச் செருப்பால் தேய்த்து அழிக்க, மற்றவர் திரும்பக் கீறினார். சேர், நீங்கள் இருந்திருந்தால் மீனை மறந்து, கோடு எங்கே தொடங்குகிறது என்று குனிந்து பார்த்திருப்பீர்கள். நீங்கள் கண்ணை மூடி ஒரு மாரி கழிந்துவிட்டது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். சரியாக எழுதுவேனா தெரியவில்லை. திருத்த நீங்கள் இல்லை.

இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்த பிறகுதான் உங்களை எனக்குத் தெரியும். ஊரில் நான் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் காணிப் பகுதி எழுதுவினைஞன். நீங்கள் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். இங்கே இருவரும் பிள்ளைகளின் வீட்டுக் கிழவர்கள். பின்னேரங்களில் வியா மக்வேதா வீதி வழியே நடக்கும்போது உங்கள் வாழ்க்கையைத் துண்டு துண்டாகச் சொன்னீர்கள். புலமைப்பரிசிலில் இங்கிலாந்து போனதையும், நோர்மன்கள் வந்து வெல்வதற்கு முன் அந்த நாட்டை ஆண்ட ஆங்கிலோ-சாக்சன் மக்களின் காணி உறுதிப் பத்திரங்களிலேயே பாதி ஆயுளைக் கழித்ததையும் சொன்னீர்கள். அந்த உறுதிகளில் வரைபடம் இராதாம். எல்லையை நடந்தே சொல்லியிருப்பார்களாம்: முள்மரத்திலிருந்து ஓடைக்கு, ஓடை வழியே பள்ளத்துக்கு, பள்ளத்திலிருந்து திரும்பவும் முள்மரத்துக்கு.

இங்குள்ள நோர்மன் காலத்துக் கோயில்களைப் பார்த்து, "நான் படிச்ச சனத்தை அடிச்சவங்கட சொந்தக்காரர் இஞ்சை நல்லாத்தான் கட்டியிருக்கிறாங்கள்" என்று சிரிப்பீர்கள். பாதியில் விட்ட உங்கள் நூலைப் பற்றி நான் கேட்ட அன்று சிரிக்கவில்லை. "ஆருக்கு எழுதிறது? எங்கட சனத்துக்கு அதாலை என்ன பிரயோசனம்?" என்றீர்கள்.

பிறகுதான் றீற்றா வந்தாள். போர்கோ வெக்கியோப் பகுதியில் இருந்துகொண்டு வீடுகளில் வேலை செய்பவள். தாய் அவளுக்கும் தம்பி அன்ரனுக்கும் பிரித்துக் கொடுத்த ஊர்க் காணியின் உறுதி போர்க்கால இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. கிணறு யாருடைய பங்கில் என்று தொடங்கிய பேச்சு, அக்காவும் தம்பியும் தேவாலயப் பூசையில் வேறு வேறு வாங்கில் இருக்கும் அளவுக்கு முற்றியிருந்தது. தாங்கள் கண்ணை மூடினால், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்த எல்லையைச் சொல்ல ஆளில்லை என்பதே அவளுடைய பயம். காணி வேலை தெரிந்தவன் என்று என்னிடம் வந்தாள். எனக்குத் துணிவில்லை, உங்களிடம் கூட்டிவந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூடினோம். அன்ரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "வெள்ளைக்காரன்ர வேலியை எண்ணின சேர் இனி எங்கட வேலியை எண்ணப்போறார்" என்று என்னிடம் சொன்னான். உங்களுக்கும் கேட்டது.

"ஓம் தம்பி, அவங்கட வேலி முடிஞ்சுது" என்றீர்கள்.

அங்கே உட்காரப் போட்டிருந்த கதிரைகளில் ஒன்றை நடுவில் வைத்து அதுதான் கிணறு என்றீர்கள். வாசல் பக்கம் வீட்டுக்கு வரும் ஒழுங்கை, மேடைப் பக்கம் பின்வேலி. ஒவ்வொருவரும் தாய் காட்டிய எல்லையைத் தங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து நடந்து சொல்ல வேண்டும். மற்றவர் குறுக்கே கதைக்கக்கூடாது. றீற்றா ஒழுங்கைப் படலையில் தொடங்கி, குசினி மூலை, வேம்பு என்று சொல்லிக்கொண்டு கதிரையடிக்கு வந்து நின்றாள். அதற்கு அப்பால் அவளுக்குத் தெரியாது. பின்வளவில் புகையிலை நட்டவன் தம்பி. அன்ரன் பின்வேலிப் பூவரசிலிருந்து வரம்போடு நடந்து, அதே கதிரையின் மறுபக்கத்தில் வந்து நின்றான். முன்பக்க எல்லை அவனுக்குத் தெரியாது. இருவரும் கதிரையைப் பார்த்தார்கள்.

"அம்மா என்னையும் இதிலைதான் கொண்டந்து விட்டவ, அக்கா" என்றான்.

கிணறு எல்லையின் மேலேயே இருந்தது. பங்குக் கிணறு என்று எழுதினேன். வேம்புக்கும் கிணற்றுக்கும் இடையில் கோடு நேரா வளைவா என்று மட்டும் றீற்றாவுக்கு நிச்சயமில்லை. கச்சேரிப் பழக்கத்தில் நேர்கோடு என்று எழுதப்போன என்னைத் தடுத்து, "தெரியாது எண்டு எழுதும்" என்றீர்கள். அப்படி எழுதினால் யார் மதிப்பார்கள் என்று அன்ரன் கேட்டான்.

"தெரியாததைத் தெரியாது எண்டு எழுதினாத்தான் தம்பி, மிச்சத்தை நம்புவினம்."

அந்தக் கிழமையே உங்கள் நூலைத் திரும்ப எடுத்தீர்கள். முடிக்கவில்லை, ஆனால் கை ஓயும்வரை எழுதினீர்கள், நான் படியெடுத்தேன்.

விளங்காததற்கும் தலையாட்டியே வாழ்ந்தவன் நான். இப்போது வதிவிட அனுமதி கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் அதிகாரி வேகமாகக் கதைத்தால், விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். அவரும் சொல்கிறார்.

போன ஞாயிறு மன்னாரில் அடுத்தடுத்த வளவில் இருந்த இரண்டு பழைய அயலவர்கள், தங்கள் எல்லையையும் எழுதுவிக்க உங்களைத் தேடி மண்டபத்துக்கு வந்தார்கள். நீங்கள் இல்லை என்றதும் திரும்பிப் போகப் பார்த்தார்கள். சேரோடு இருந்து எழுதினவன் நான், அவர் அளவுக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர்கள் போகவில்லை. நான் எழுந்து நின்று, "எங்கையிருந்து நடக்கத் துவங்குவம்?" என்று கேட்டேன்.