ஓர் ஓட்டுநர் சொன்னது

மாரீசு,

நீ அசந்து தூங்குற, எழுப்ப மனசு வரல. ஆனைக்கரை ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளுகளை ஏத்திட்டுப் போறேன். அம்மாவும் வேலைக்குப் போயிட்டா. தோசை சுட்டு மூடி வச்சிருக்கு. காலேஜுக்குப் போறப்ப சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துரு.

உன் சைக்காலஜி அசைன்மென்ட்டுக்கு நீ கேட்ட சம்மதத் தாளுல கையெழுத்துப் போட்டுட்டேன். புத்தகத்துல எடுத்ததுக்கெல்லாம் பேரும் வருசமும் போட்டுட்டு, மண்ணு சரிஞ்சப்ப ஜீப்புல மாட்டிக்கிட்ட உங்கப்பனை மட்டும் 'ஓர் ஓட்டுநர்'னு எழுதியிருந்த. அதான் நேத்துச் சத்தம் போட்டேன். பேரை மறைக்கிறதுதான் முறைன்னா அப்படியே இருக்கட்டும்.

ஆனா ஒரு வரி தப்பு. 'இப்போது அச்சம் இல்லை என்றார்'னு இருக்கு. அம்மா பக்கத்துல இருந்ததால அப்படிச் சொன்னேன். மழை விழுந்தா இன்னமும் ஸ்டியரிங்ல கை நடுங்குது. குடுக்குறதுக்கு முன்னால மாத்திரு. அதும் இந்தச் சீட்டும் அம்மா கண்ணுல படாம வையி.

அப்பா

இன்னொண்ணு. இன்னைக்கும் மேகம் இருட்டிக்கிட்டு வருது. நான் வரச் சுணங்கினா, மழை விடுறவரைக்கும் வண்டியை ஓரங்கட்டிட்டு உக்காந்திருக்கேன்னு வச்சுக்க. அம்மா கேட்டா, இன்னொரு ட்ரிப் கெடச்சிருச்சுன்னு சொல்லு.