உப்பங்காடித் தெரு நான்கு கடைகளுக்கும் கிணற்றுக்கும் எல்லை உறுதி செய்த ஓலை

தாழை வேலியும் திரை அகழியும் உடைய வெண்டாழை நாட்டின் வேந்தர், அலைவென்ற கோமானாரின் ஆணையால், இறையமைச்சர் எயினன் மாறன் சங்கமுனைப் பட்டினத்து ஊர்ச்சபையோர்க்கு விடுக்கும் ஓலை. உங்கள் துறையில் தோணிகள் நிறைக. உங்கள் உப்பு வெயிலில் விளைந்து மழைக்கு முன் கொட்டில் சேர்க. கடலுக்குப் போனோர் எல்லோரும் கரை திரும்புக.

இவ்வோலை, ஆதிச்சியார் என்பவர் தம் வாழ்வில் முதன்முதலாக மனை வாங்கிய செய்தியையும் அதில் நேர்ந்த வழக்கையும் பற்றியது. அவர், மேலைக்கடற் போரில் மறைந்த மரக்கலத் தலைவர் எயினன் கண்டனின் மனைவி. கண்டன் நம் உடன்பிறந்த அண்ணன். அதே கலத்தில் சென்று கரை திரும்பியவர் நாம் ஒருவரே. மனையின் எல்லையை யானை சுற்றிய முதல் நாளில் ஓலை எழுதப்படவில்லை. ஆகவே கண்டதையும் கேட்டதையும் நினைவில் உள்ளபடியே எழுதுகிறோம். உறவு கருதி ஒரு சொல்லும் கூட்டவில்லை.

கண்டன் மறைந்தபின் வேந்தர் அளித்த பொன்னை ஆதிச்சியார் ஓராண்டு தொடவில்லை. நம் வீட்டிலிருந்து மாதந்தோறும் அரிசி சென்றது. ஒவ்வொரு மூட்டை இறங்கும்போதும் நன்றி சொல்ல அவரிடம் இருந்த சொற்கள் குறைந்துகொண்டே வந்தன. மகளும் தாமும் பிறர் கை பாராமல் உண்ண வேண்டுமானால், அந்தப் பொன் வாடகை தரும் சுவராக மாற வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். மீனையும் உப்பையும் விலைபேச அறிந்தவர்தாம். ஆயினும் ஒரு சுவரை எங்கே தட்டிப் பார்ப்பது என்பதை அறியாதவர்.

மனை விற்பனையில் பெயர்பெற்ற சாத்தன் வேளான் அவரை முதலில் துறைமுகத்து மாட மாளிகைக்கு அழைத்துச் சென்றார். அயல்நாட்டு வணிகர் வந்து தங்குவர் என்றும், இத்தகைய வாய்ப்பு மறுமுறை வாராது என்றும், அன்று மாலைக்குள் வாக்குத் தரவேண்டும் என்றும் கூறினார். மாளிகையின் தூண்களைக் கண்டு மயங்கிய ஆதிச்சியார், வீடு திரும்பும் வழியில் உப்பங்காடித் தெருவில் அப்பம் விற்கும் நங்கையிடம் அதைப் பற்றிச் சொன்னார். நங்கை சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யம்மா, அந்த மாடத்துல வௌவாலுதான் குடியிருக்கு. வாடகை கேட்டுப் பாரு, தலைகீழாத் தொங்கிக்கிட்டே நாளைக்குத் தாரேன்னு சொல்லும்.”

அந்த ஒரு சொல்லால் பொன் பிழைத்தது. நங்கையின் கடையோடு சேர்ந்த நான்கு சிறு கடைகளும் அதே வேளானுடையவை என்றும், அவையும் விலைக்கு உள்ளன என்றும் ஆதிச்சியார் அறிந்தார். இம்முறை அவர் விரையவில்லை. எட்டு நாள் நங்கையின் கடையில் அமர்ந்து தெருவைப் பார்த்தார். வளையற்காரரும் கயிற்று வாணிகரும் வெற்றிலைக்காரரும் பல ஆண்டுகளாக அங்கேயே இருப்பதற்குக் காரணம், கடைகளின் பின்னே உள்ள கிணறு என்று கண்டார். தெருவெங்கும் தோண்டிய இடத்தில் உவர்நீர். அந்தக் கிணற்றில் மட்டும் நன்னீர். நான்கு கடைகளும் கிணறும் சேர்த்து விலை பேசி முடித்தார்.

நம் நாட்டில் மனை கைமாறும்போது பிடியானை எல்லை சுற்றி வரும். அதன் காலடிக்கு உட்பட்டது வாங்கியவருக்கு; வெளியே நின்றது, வாயால் என்ன பேசியிருந்தாலும், விற்றவருக்கு. பிடி திரும்பி வரும்வரை வாங்குபவர் வாசலில் விளக்கேந்திக் கிழக்கு நோக்கி நிற்பது வழக்கம். அன்று கடற்காற்று பலமாக இருந்தது. சுடர் அணைந்தால் தீங்கு என்று அஞ்சி, ஆதிச்சியார் கையை மறைப்பாக வைத்துத் திரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்புறத்தில், கிணற்றுக்கு இப்பால், வேளானின் ஆள் ஒருவன் பச்சைக் கரும்புக் கட்டை வைத்திருந்தான். பிடி நின்று தின்றது. தின்ற இடத்திலேயே திரும்பியது. பொன் கைமாறியது. அன்று பிற்பகலே கிணற்றைச் சுற்றி முள்வேலி எழுந்தது. கிணறு வேண்டுமாயின், நான்கு கடைகளுக்குக் கொடுத்த விலையைத் தனியே மறுபடி கொடுக்கலாம் என்று வேளான் சொல்லியனுப்பினார்.

நீரில்லாத கடையில் யார் இருப்பர்? மூன்று வாணிகரும் மாத முடிவில் வேறிடம் பார்ப்பதாகக் கூறினர். நாம் செய்தி கேட்டுச் சென்றபோது, ஆதிச்சியார் முள்வேலியைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்.

“தம்பி, உங்க அண்ணன் உசிருக்குக் கெடச்சத நான் ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் விட்டுட்டேன்” என்றார்.

வழக்கைச் சபை முன் வைக்குமாறு கூறினோம். அமைச்சர் என்ற பெயரால் வழக்கத்தை வளைக்க நமக்கு உரிமை இல்லை.

சபை கூடியது உங்கள் நினைவில் இருக்கும். எல்லை சுற்றும் பிடி இடையில் இரை தின்றால் அச்சுற்று செல்லாது என்னும் பழைய விதியை உங்கள் மூத்தோரே எடுத்துரைத்தனர். பிடி எதுவும் தின்னவில்லை என்று வேளான் உறுதி கூறினார். அப்போது நங்கை மாவுக் கையோடு முன்வந்து, மற்றவர் பேசி முடிக்கும்வரை காத்திராமல் சொன்னாள்:

“தின்னுச்சு. சக்கையக் கூட்டி அள்ளினதே நான்தான். என் கடைப் பின்வாசல்ல இவரு ஆளு போட்ட குப்பைய வேற யாரு அள்ளுவா? கூலிகூடக் கேக்கல.”

சபையில் சிரிப்பெழுந்தது. பாகன் மட்டும் சிரிக்கவில்லை. சபையோர் அவனை நோக்கவே, சுற்றைக் குறுக்குவதற்கு வாங்கியவரும் இசைந்துள்ளார் என்று தன்னிடம் கூறப்பட்டதாகத் தலைகுனிந்து ஒப்புக்கொண்டான். முதற்சுற்று செல்லாது என்று தீர்த்தீர்கள். உங்கள் நடுநிலைக்கு நாடு கடன்பட்டுள்ளது.

மறுநாள் காலை பிடிக்கு வயிறு நிறையக் கவளம் ஊட்டப்பட்டது. ஆதிச்சியார் விளக்கை நங்கையிடம் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பாராமல், பிடியின் பின்னே நடந்தார். தடுப்பார் ஒருவரும் இல்லை. முள்வேலியைப் பிடி துதிக்கையால் ஒதுக்கிவிட்டுக் கிணற்றைச் சுற்றி வந்தது. சுற்று முடிந்ததும் ஆதிச்சியார் தம் கடைச் சுவரில் முதுகைச் சாய்த்து அமர்ந்தார். அண்ணன் மறைந்தபின் அவர் எதிலேனும் சாய்ந்து அமர்ந்ததை நாம் அன்றுதான் கண்டோம். நாம் ஆறுதல் மொழி ஏதேனும் கூற எண்ணியிருக்கையில், அவர் மேலே நோக்கியபடி, “தம்பி, மூணாவது கடைக் கூரையப் பாத்தீங்களா? ஓட்டையில வானம் தெரியுது. மழைக்கு முன்ன நல்ல தச்சன் ஒருத்தரை அனுப்புங்க, கூலி நான் குடுத்துக்கிறேன்” என்றார். நம் நெஞ்சில் ஓராண்டாக இருந்த கல் அக்கணமே இறங்கியது.

ஆகவே ஆணை இது. உப்பங்காடித் தெரு நான்கு கடைகளும் பின்னுள்ள கிணறும் ஆதிச்சியாருக்கும் அவர் வழியினருக்கும் உரியவை என்று ஊர்க் கணக்கில் ஏற்றுக. முள்வேலியின் எச்சத்தைச் சாத்தன் வேளான் தம் கையாலேயே அகற்றுக. இனி இந்நாட்டில் மனை வாங்குவோர் வாசலில் நிற்க வேண்டுவதில்லை. விளக்கைப் பிறரிடம் கொடுத்துப் பிடியின் பின்னே நடக்கலாம், நின்று பார்க்கலாம், கேட்கலாம்.

இன்னும் ஒன்று. அக்கிணற்றில் நீர் எடுக்க வரும் தெருவோர் எவரையும் தடுக்கும் உரிமை வேளானுக்கு மட்டுமன்று, ஆதிச்சியாருக்கும் இல்லை. இவ்வரியை எழுதுமாறு கேட்டவர் ஆதிச்சியாரே.

இறையமைச்சர் எயினன் மாறன் கைச்சாத்து. தாழைமடல் இலச்சினை பதித்தோம். இதனைச் சபையில் உரக்கப் படித்தபின், கிணற்றங்கரையிலும் ஒருமுறை படிக்க.