தெரியாத கருவி

காலை 8.10
பழைய ரூட்டர் நேற்று செத்தது. பெட்டியிலிருந்த புதியதை மாட்டினேன். கூடத்தின் நடுவில், உயரமாக, இரும்புச் சுவரை விட்டுத் தள்ளி. நெட்வொர்க்கின் பெயர்: வீடு. கூடவே வந்த பாஸ்வேர்டை மாற்றி ஜெரால்டுக்கும் சொன்னேன். பட்டியலில் நான்கு கருவிகள்: என் கணினி, காற்று இயந்திரம், வெளிக்கதவு, ஜெரால்டின் விண்வெளி உடை. நெட்வொர்க்கில் இருக்கும் உடைக்கு மட்டுமே கதவு திறக்கும்.

செவ்வாய் கிரகத்தின் இந்தப் பக்கத்தில் நானும் என் கணவன் ஜெரால்டும்தான். ஆனாலும் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வேளச்சேரியில் மாடிவீட்டுக்காரர் எங்கள் வைஃபையில் ஒரு வருடம் படம் பார்த்தார். அப்போது பிடித்த பழக்கம்.

11.30
ஜெரால்டு மேட்டுக்குப் போனான், சாய்ந்த ஆண்டெனாவை நிமிர்த்த. வண்டியிலிருந்து, உடை ரேடியோவில் குரல்: “ஏட்டி தாரணி, இங்க எவன் வந்து ஒன் வைஃபையத் திருடப் போறான்?”

தூத்துக்குடிச் சிரிப்பு. நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் 3.10
ஜெரால்டு: “ஒடையில ரேடியோ கரகரங்கு. வண்டியில ஸ்பேர் கெடக்கு, அத மாட்டிட்டு வாரேன். ஒலையில அரிசியப் போடு.”

சரி என்றேன். கேட்டதை அப்படியே எழுதினேன், மனதில் பாதிதான் ஏறியது. ரூட்டரில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தேன்.

4.20
புயல். ஜெரால்டின் உடை பட்டியலில் இல்லை. தொலைவாக இருக்கும்.

பட்டியலில் ஒரு புது வரி. பெயரில்லை. சிக்னல் முழுதாக. பாஸ்வேர்டு அதற்குத் தெரிந்திருக்கிறது.

தடுத்தேன். யோசிப்பதற்குள் கை முந்திக்கொண்டது.

4.35
மறுபடி. மறுபடி.

பாஸ்வேர்டை மாற்றினேன். பெயரை மறைத்தேன். சுவர் தாண்டாதபடி சிக்னலைக் குறைத்தேன். ஜெரால்டைக் கூப்பிடுகிறேன், பதில் இல்லை. அவன் வெளியே. அதுவும் வெளியே. கதவில் கற்கள் மோதுகின்றன. விட்டு விட்டு.

5.25
சோறு குழைந்துவிட்டது. பானையை இறக்கும்போதுதான் அவன் சொன்னது முழுதாக நினைவுக்கு வந்தது.

ஸ்பேர் ரேடியோ. புது ரேடியோவுக்குப் பட்டியலில் பெயர் இருக்காது.

கதவுக்கு ஓடினேன். உள்ளிருந்தும் நெட்வொர்க் சொன்னால்தான் அசையும். தடையை எடுத்தேன். காலையில் வைத்த பாஸ்வேர்டு. சிக்னல் முழுதாக. கதவு: திற. ரூட்டர் அணைந்து எழுகிறது. ஆரஞ்சு விளக்கு. ஆரஞ்சு. இன்னும் ஆரஞ்சு

5.31
பச்சை. பெயரில்லாத கருவி உள்ளே வந்தது. தேங்கிக் கிடந்தவை ஒன்றாகக் கொட்டின.

4.22 “வாசல்ல நிக்கேன். கதவத் தொறட்டி.”

4.41 “என்னையப் பாத்தா மாடிவீட்டுக்காரன் மாரியா இருக்கு?”

4.58 “தட்டுதேன். கேக்கலையா? காத்து கொறையுது.”

5.15 “பாஸ்வேர்டு மாத்துனியா? சொல்லு, போட்டுக்கிடுதேன்.”

5.22 “கோவமெல்லாம் இல்லட்டி.”

கதவு திறந்தது. கற்கள் மோதுவது எப்போது நின்றது என்று தெரியவில்லை.

நேரம் போடவில்லை
இதைக் கண்டெடுப்பவருக்கு.

நெட்வொர்க்கின் பெயர் வீடு. மேட்டிலிருந்தே தெரியும். பாஸ்வேர்டை எடுத்துவிட்டேன். தடைப் பட்டியல் காலி.

பெயரில்லாத கருவிக்குப் பெயர் போட்டேன். ஜெரால்டு. கூடத்தில்தான் இருக்கிறது. சிக்னல் முழுதாக.

உள்ளே வாருங்கள். யாரென்று கேட்க மாட்டேன்.