நாலாம் தலைமுறை

லிங்கன் நகரம்,
மிக்கேல் சம்மனசு திருநாள், 1238

அன்புள்ள தம்பி ஐல்வினுக்கு,

நலம்தானே? மடத்துக் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்குக் கம்பளி வியாபாரத்தில் குறையில்லை. குறையெல்லாம் வீட்டில். குதிரைவீரன் ஃபுல்க் நம் எமலினைத்தான் கட்டுவேன் என்கிறான். என் மகளுக்கும் அவனைத் தவிர வேறு பேச்சில்லை. அவன் அம்மா ரோயீஸ் சீமாட்டிதான் மூக்கைப் பொத்துகிறாள். "ஆட்டு ரோமம் விக்கிறவன் வீட்டுல நாங்க சம்பந்தம் பண்றதா? நார்மண்டியிலேர்ந்து ராஜாவோட கப்பலேறி வந்த ரத்தம் ஒரு சொட்டாவது காட்டச் சொல்லு" என்று என் முன்னாலேயே மகனிடம் சொன்னாள். உன் மடத்துப் பெட்டிகளில் நூறு வருஷத்துத் தோல்சுருள்கள் கிடக்கின்றனவே. ஒரு சொட்டு தேடிக் கொடு.

அண்ணன்,
ஆஸ்பர்ட்

மடம்,
லூக்காஸ் திருநாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

பதினைந்து நாள் தூசி தின்றேன். கிடைத்துவிட்டது! நம் தாத்தா ஆல்ரெட், நார்மண்டியிலிருந்து வந்த ப்ரெவேர் வம்சத்து ராவுல் பிரபு ஒரு சலவைக்காரியிடம் பெற்ற மகன். பிரபுவே சாகும்முன் அதை ஒப்புக்கொண்டு, மடத்துக்கு ஒரு மாவு ஆலை எழுதிவைத்திருக்கிறார். முத்திரைகூட உடையவில்லை. ராவுல், ஆல்ரெட், அப்பா, நீ, எமலின் என்று தோலில் வம்ச ஏடு எழுதி அனுப்பியிருக்கிறேன். கோணல் வழிதான், ஆனாலும் ரத்தம் ரத்தம்தானே!

தம்பி,
ஐல்வின்

லிங்கன்,
மார்ட்டின் திருநாள்

தம்பி,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஏட்டைப் பார்த்ததும் சீமாட்டி, "அட, எங்க ராவுல் பாட்டனாரா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கோயிலில் இரண்டாம் ஞாயிறாகக் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது பங்குக் குரு பாதியில் நிறுத்தி, பீடத்திலேயே விரல்விட்டு எண்ணினார். எமலின் ராவுலுக்கு நாலாம் தலைமுறை. ஃபுல்க்கும் அதே ராவுலுக்கு நாலாம் தலைமுறை! நாலுக்குள் சொந்தமென்றால் திருச்சபை கட்டிவைக்காதே. "ஆஸ்பர்ட், உன் பொண்ணுக்கு இவன் அண்ணன் முறைய்யா" என்றார். கோயிலே சிரித்தது.

அத்தனை கப்பலில் வந்தவர்களில் உனக்கு ராவுல்தானா கிடைத்தான்? "யாரு உங்களப் பாட்டன் தேடச் சொன்னாங்க?" என்று எமலின் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை. அந்த ஏடு பொய் என்று உடனே எழுதிக் கொடு.

ஆஸ்பர்ட்

மடம்,
அந்திரேயா திருநாள்

அண்ணனுக்கு,

மெய்யைப் பொய் என்று எழுத என் கை வராது. மாப்பிள்ளை யார் வம்சம் என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் அன்றே நிறுத்தியிருப்பேன். பாதிச் சரக்கைக் காட்டிப் பேரம் பேசுகிற பழக்கம் உனக்கு. ரத்தத்தால் வந்த தடை, ரத்தம் வேறாக இருந்தால்தான் விலகும். எமலினுக்காக ஜெபிக்கிறேன்.

ஐல்வின்

லிங்கன்,
தேவமாதா சுத்திகரத் திருநாள்

தம்பி,

உன் கடிதத்தை ஏழு முறை திட்டிவிட்டு எட்டாம் முறை ஒழுங்காகப் படித்தேன். பிறகு ஆயர் மன்றத்துக்குப் போனேன். இருபது வருஷம் யாரிடமும் சொல்லாததை, உன்னிடமும் சொல்லாததை, எமலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். லின் துறைமுகத்தில் நான் உன் மறைந்த அண்ணி மேபிலைக் கட்டியபோது அவள் ஒரு படகோட்டியின் விதவை. தொட்டிலில் ஆறு மாசக் குழந்தை. அந்தக் குழந்தையை ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தாயை லின்னிலிருந்து வண்டி வைத்துக் கூட்டிவந்தேன். அவள் சத்தியம் செய்தாள். நானும் வேதப்புத்தகத்தில் கை வைத்து, "இவ நான் பெத்த பொண்ணு இல்ல சாமி" என்றேன்.

"படகோட்டி மகளா!" என்று சீமாட்டி குதித்தாள். ஃபுல்க், "அம்மா, போன தடவை சொந்தம்னு தடுத்தாங்க. இப்ப சொந்தமில்லன்னு நீங்க தடுக்காதீங்க" என்றான். நல்ல பையன். கல்யாணம் முடிந்தது.

மன்றத்திலிருந்து வீடு வந்ததும் எமலின் என் துணிகளையெல்லாம் மடித்துப் பெட்டிகளில் அடுக்கினாள். கோபமா, வேறென்னவா, நான் கேட்கவில்லை. புருஷனோடு கிளம்பும்போது, "கம்பளிச் சட்டை ரெண்டாவது பெட்டியில இருக்குப்பா" என்றாள்.

மன்ற உத்தரவும் நீ அனுப்பிய ஏடும் இத்துடன் இருக்கின்றன. ஏட்டில் எனக்குக் கீழே அவள் பெயர் இருக்கக் கூடாதாம். கத்தியை எடுத்துச் சுரண்டிவிடு. தடம் தெரியாமல் சுரண்டு. நாளைக்கு அவள் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது இன்னொரு குரு விரல்விட்டு எண்ண வந்து நிற்பார்.

அந்த இடத்தில் வேறு எதையும் எழுதிவிடாதே. வெறும் தோலாகவே இருக்கட்டும்.

அண்ணன்,
ஆஸ்பர்ட்