எட்டு மணிக்குத் தட்டைக் காட்டு

நைனார்பாளையம்
8.10.2025

அன்பு மகள் மணிமொழிக்கு அப்பா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. நீ நன்றாக இருக்கிறாயா பாப்பா, அதை முதலில் சொல். போனிலேயே கேட்கலாமே என்பாய். உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், நான் எங்கே வாயைத் திறப்பது? உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று பெருமாள் படத்துக்கு முன்னால் சத்தியம் வேறு வாங்கிவிட்டாள். அதனால்தான் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை, புரட்டாசி மூன்றாம் சனி, அம்மா ஏரிக்கரையில் மயங்கி விழுந்துவிட்டாள். பதறாதே, இப்போது வீட்டில்தான் இருக்கிறாள், நடமாடுகிறாள், என்னைத் திட்டவும் செய்கிறாள். இரவு எட்டிலிருந்து மறுநாள் பன்னிரண்டு வரை ஒன்றும் சாப்பிடாமல், காலையில் வெறும் வயிற்றோடு ஒரு மணி நேரம் ஓடுகிறேன் என்று புனேயிலிருந்து நீ சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து அவளும் அதே கணக்குதான். விடிந்ததும் ஏரிக்கரையில் வேக நடை. இந்த வயதில் இடுப்பு குறைக்கிறாளாக்கும் என்று நான் கேலிகூடச் செய்தேன். சனிக்கிழமை விரதமும் அதோடு சேர்ந்துகொண்டது, வெள்ளி இரவே சாப்பிடவில்லை, படையல் போட்ட பிறகுதான் சாப்பாடு என்றாள். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல விடிகாலையில் போட்டுக்கொண்டு நடக்கப் போயிருக்கிறாள். பிறகு கேட்டால், "மாத்திர இன்னா சோறா, அது வெரதத்த கெடுக்காது" என்கிறாள்.

ஆடு ஓட்டி வந்த இருசம்மாள்தான் பார்த்திருக்கிறாள். எழுப்பி உட்கார வைத்து, தான் குடிக்க வைத்திருந்த சர்க்கரை டீயை மெல்ல மெல்லக் குடிக்க வைத்தாளாம். "சீக்கிரம் வாங்க, அக்காவுக்கு பேச்சு கொழறுது" என்று அவள் போன் போட்டதும் நான் செருப்பில்லாமல் ஓடினேன். புடவையெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது, என்னை யாரென்று கேட்டாள் பாப்பா. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் எனக்கு அப்படிப் பயம் வந்ததே இல்லை. சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்றார் கள்ளக்குறிச்சி டாக்டர். இந்தப் பட்டினியும் நடையும் எல்லா உடம்புக்கும் ஒத்துவராது, மாத்திரை போடுகிறவர்கள் கேட்காமல் செய்யவே கூடாது என்று என்னைத்தான் திட்டினார்.

திரும்பி வரும்போது, யாருக்காக இந்த வேலை என்று கேட்டேன். "எம்பொண்ணு அங்க தனியா பட்டினி கெடக்கறா, எனக்கு மட்டும் இட்லி எறங்குமா? அவ துன்னட்டும், நானும் துன்றேன்" என்றாள்.

நீ ஏன் ஓடுகிறாய் என்பது எனக்குத் தெரியும். தியாகதுருகத்தில் இருந்து பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அத்தை "பொண்ணு ஒடம்பு கொஞ்சம் ஜாஸ்திங்க" என்றாள். நான் சிரித்துக்கொண்டே "கொறச்சிடுவாளுங்க" என்றேன். நீ கதவுக்குப் பின்னால் காபித் தட்டோடு நின்றிருந்தாய். அப்போதே அவர்களை எழுந்து போகச் சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையதுதான்.

போன வாரம், மாடி ஏறினால் கண் இருட்டுகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இங்கே இருசம்மாள் இருந்தாள். புனேயில் உள்ளே தாழ் போட்ட அறையில் நீ விழுந்தால் யாருக்குத் தெரியும்? ஓடவே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் டாக்டரைப் பார், ரத்தம் சோதித்துக்கொள், வெறும் வயிற்றோடு ஓடாதே, அடுத்த அறைப் பெண்ணிடம் ஒரு சாவி கொடுத்து வை. மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டது, இந்த முறை புழு கம்மி. அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட மனசு வரவில்லை.

இப்போது காலை மணி பதினொன்று. எட்டு மணிக்கே சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியும், அம்மா தட்டை மூடி வைத்துவிட்டு, பன்னிரண்டு ஆகட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாத்திரை என் சட்டைப் பையில் இருக்கிறது, சாப்பிட்டால்தான் தருவேன். கடிதம் கிடைத்த மறுநாள் காலை எட்டு மணிக்கு வீடியோவில் வா. விழுந்ததைப் பற்றி ஒன்றும் கேட்காதே. தட்டைக் காட்டி, எங்கள் கண் முன்னால் ஒரு வாய் சாப்பிடு. நீ வாயில் வைத்தால் அவளும் வைப்பாள்.

நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், பெருமாள் உனக்குத் துணை இருப்பார். எட்டு மணி, மறந்துவிடாதே. அதுவரை தினமும் இவள் பக்கத்தைவிட்டு நான் நகர மாட்டேன்.

உன் அப்பா,
அரங்கநாதன்