வேகத்தை யார் கேட்டது?

12.11.2009, வியாழன்

மகள் கவிதாவின் எம்.பில். ஆய்வுத் திட்டத்தைக் கைடு மறுபடியும் திருப்பிவிட்டார். ஓசூர் சின்னப் பட்டறைகள் சொந்தக் கம்ப்யூட்டர் வாங்காமல், இணையம் வழியாகத் தூரத்துக் கம்ப்யூட்டர்களை, அதாவது கிளவுடை, வாடகைக்கு எடுத்தால் கட்டுப்படியாகுமா என்பது நோக்கம். ஆனால் அதில் எழுதிய குறிக்கோள் மூன்றும் கிளவுடின் வேகத்தை அளப்பதிலேயே நிற்கின்றன.

"நான் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுறவன். எவ்வளவு வேகமா ஓடும்னு எவனும் கேட்டதில்லம்மா. நடுவுல நின்னா யார் வருவீங்கன்னுதான் கேப்பான்" என்றேன்.

"உங்க ஜெனரேட்டரும் கிளவுடும் ஒண்ணாப்பா?" என்று சிரித்தாள். சிரித்தவள் திட்டத் தாளை எடுத்து மறுபடி படித்தாள். பிறகு குறிக்கோள் மூன்றையும் அடித்துவிட்டாள்.

வேகத்தை அளந்து வைத்தது அவளுடைய எட்டு மாத வேலை. நாளைதான் கடைசி நாள்; கைடின் கையெழுத்து கிடைக்காவிட்டால் இந்த வருடம் போச்சு. நான் சொன்னது சரிதான். என்ன படிக்கிறாய் என்று எட்டு மாதம் முன்பே கேட்டிருக்கலாம்.